விலை வரும்வரை காத்திருக்கும் கட்டளை: நாணயச் சந்தையில் நான்கு ஆணைகள்

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நடந்து போயிருப்பீர்கள். பூக்கடை, புடவைக்கடை, பலகாரக்கடை வரிசையில் நாணய மாற்றுக் கடையும் இருக்கும். அதன் முகப்பில் எண்கள் மின்னும் ஒரு பலகை. இந்திய ரூபாய், சிங்கப்பூர் டாலர், அமெரிக்க டாலர் என ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு எண்கள் தெரியும். ஒன்று கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை. மற்றொன்று அவர் நமக்கு விற்கும் விலை. விற்கும் விலை எப்போதும் கொஞ்சம் கூடுதல். அந்த இடைவெளிதான் அவருடைய வருமானம்.

அந்தப் பலகை காட்டுவது இந்த நிமிடத்து விலையை மட்டுமே. பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இன்றைய பாடம், பலகையில் இன்னும் தோன்றாத விலையைப் பற்றியது. ‘இந்த விலை வந்தால் மட்டும் எனக்காக வாங்கு’ அல்லது ‘விற்றுவிடு’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதற்கு நாணயச் சந்தையில் பெண்டிங் ஆர்டர் என்று பெயர். நாம் அதைக் காத்திருக்கும் ஆணை என்போம்.

இதில் அறிவியல் எங்கே வருகிறது என்று கேட்கலாம். எண் கோடு, சமனிலி, கணினியின் ‘எனில்’ கட்டளை, இயற்பியலில் வரும் நெம்புகோல், பின்னூட்டம் எல்லாமே இதற்குள் இருக்கின்றன. உலக நாணயச் சந்தையில் 2022 ஏப்ரலில் நாளொன்றுக்கு 7.5 டிரில்லியன் டாலர் கைமாறியதாக அனைத்துலகத் தீர்வு வங்கி கணக்கிட்டது. 75 என்று எழுதி அதன் பின்னால் 11 சுழியங்களைப் போட்டுப் பாருங்கள். இவ்வளவு பெரிய தொகையை எல்லாரும் திரைமுன் உட்கார்ந்து கை சொடுக்கி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பெரும்பகுதியைக் கட்டளைகளும் கணினிகளுமே நடத்துகின்றன.

சந்தையிலேயே கேட்ட குரல்கள்

ஆங்கிலப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். இந்த நான்கு ஆணைகளையும் நம் வீட்டுப் பெரியவர்கள் பெயர் தெரியாமலே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

மீன் சந்தையில் ஓர் அம்மா சொல்கிறார்: “அண்ணே, கெம்போங் மீன் கிலோ பன்னெண்டு வெள்ளிக்கு இறங்கினா எனக்கு ரெண்டு கிலோ எடுத்து வச்சிருங்க.” இப்போது விலை 14 வெள்ளி. அவர் வாங்க நினைப்பது அதற்குக் கீழே. இதுதான் பை லிமிட். லிமிட் என்றால் எல்லை. 12 வெள்ளியைத் தாண்டி ஒரு சென் கூடத் தரமாட்டேன் என்பது அந்த எல்லை.

சிங்கப்பூர் போய் வந்த உங்கள் மாமாவிடம் 200 சிங்கப்பூர் டாலர் மிச்சமிருக்கிறது. “இன்னும் பத்து சென் ஏறட்டும், அப்புறம் மாத்திக்கிறேன்” என்று அலமாரியில் வைத்துவிடுகிறார். இது செல் லிமிட். இப்போதைய விலைக்கு மேலே, நல்ல விலை வந்தால் விற்பது.

டுரியான் பருவம் முடியப் போகிறது. கடை முதலாளி வேலையாளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்: “தம்பி, கிலோ பதினஞ்சு வெள்ளிக்கு இறங்கிட்டா யோசிக்காதே. கிடைக்கிற விலைக்கு எல்லாத்தையும் தள்ளி விட்டுடு.” இப்போது விலை 18 வெள்ளி. அவர் விற்கச் சொல்வது அதற்குக் கீழே! குறைந்த விலைக்கு விற்க யாராவது ஆசைப்படுவார்களா? ஆசையால் சொன்னதில்லை, பயத்தால் சொன்னது. இன்னும் இறங்கினால் முதலும் போய்விடுமே என்ற பயம். இது செல் ஸ்டாப். கையிலுள்ள சரக்கின் நட்டத்தை நிறுத்தப் பயன்படும்போது இதையே ஸ்டாப் லாஸ் என்கிறார்கள்.

நான்காவது, தை மாதத்தில் மகள் கல்யாணம் வைத்திருக்கும் அத்தை. தங்கம் இறங்கும் என்று காத்திருக்கிறார். ஆனாலும் நகைக்கடைக்காரரிடம், “கிராமுக்கு இன்னும் அஞ்சு வெள்ளி ஏறிட்டா எனக்கு உடனே எடுத்துடுங்க, அதுக்கு மேல பொறுக்க முடியாது” என்கிறார். இது பை ஸ்டாப். விலை ஏறிய பிறகு, மேலும் ஏறிவிடுமோ என்று வாங்குவது.

எண் கோட்டில் வைத்துப் பார்ப்போம்

ஒரு தாளில் கோடு போடுங்கள். நடுவில் 4.20 என்று குறியுங்கள். ஓர் அமெரிக்க டாலரின் இப்போதைய விலை 4.20 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் 4.30, இடப்பக்கம் 4.10.

இப்போது இரண்டே கேள்விகள். வாங்குகிறோமா, விற்கிறோமா? நாம் சொல்லும் விலை இப்போதைய விலைக்கு மேலா, கீழா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில்கள், ஆக 2 × 2 = 4. நான்கு ஆணைகள் வந்ததன் கணக்கு இவ்வளவுதான். கீழே வாங்கினால் பை லிமிட், மேலே வாங்கினால் பை ஸ்டாப். மேலே விற்றால் செல் லிமிட், கீழே விற்றால் செல் ஸ்டாப். மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நமக்குச் சாதகமான பக்கத்தில் காத்திருந்தால் லிமிட், பாதகமான பக்கத்தில் காத்திருந்தால் ஸ்டாப் என்று நினைவில் வையுங்கள்.

கணினிக்குச் சொல்லும்போது இது சமனிலியாகிவிடும். ‘விலை ≤ 4.10 எனில் வாங்கு’ என்பது பை லிமிட். ‘விலை ≤ 4.10 எனில் விற்றுவிடு’ என்பது செல் ஸ்டாப். நிபந்தனை ஒன்றே, செயல் மட்டும் நேர் எதிர். இதைக் கவனித்து வையுங்கள், சற்று நேரத்தில் இதற்குத் திரும்ப வருவோம்.

இடையில் ஒரு சிறு எச்சரிக்கை. எந்த விலை 4.10-ஐத் தொட வேண்டும்? பலகையில் இரண்டு எண்கள் உண்டல்லவா? நாம் வாங்கும்போது கணக்கில் வருவது கடைக்காரர் விற்கும் விலை. அவர் வாங்கும் விலை 4.09, விற்கும் விலை 4.11 என்று நின்றால், ‘டாலர் 4.10-க்கு வந்துவிட்டது’ என்று ஊரே பேசினாலும் உங்கள் பை லிமிட் நிறைவேறாது. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

உண்மையான எண்களோடு ஒரு முறை பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறக்குறைய 4.80 ரிங்கிட்டைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு இறங்கியது. கிள்ளான் துறைமுகம் வழியாகச் சரக்கு இறக்கும் ஒரு வணிகர், டாலரில் பணம் கட்ட வேண்டியவர், பிப்ரவரியில் தம் வங்கியிடம் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கலாம். ‘4.20-க்கு இறங்கினால் வாங்கு’ என்றிருந்தால் அது ஏழு மாதம் தூங்கிவிட்டுச் செப்டம்பரில் விழித்திருக்கும். ‘4.85-க்கு ஏறினால் வாங்கு’ என்றிருந்தால் அந்த ஆண்டு முழுவதும் விழித்திருக்காது. எது புத்திசாலித்தனம் என்று இன்று சொல்வது சுலபம். பிப்ரவரியில் யாருக்கும் தெரியாது. ஏழு மாதம் காத்திருக்க அவருடைய சரக்கும் கடன்காரரும் அனுமதிப்பார்களா என்பது வேறு கேள்வி.

காத்திருப்பது பற்றிச் சொல்லும்போது ஒரு வேடிக்கையான காலம் நினைவுக்கு வருகிறது. 1998 செப்டம்பர் 2 முதல் 2005 ஜூலை 21 வரை, ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என்று நம் அரசாங்கம் நிலைநிறுத்தி வைத்திருந்தது. அன்று பிறந்த குழந்தை தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேரும் வயதை நெருங்கும்வரை விலை அசையவில்லை. 3.70-க்கு ஒரு பை லிமிட், 3.90-க்கு ஒரு பை ஸ்டாப் என்று அந்தக் காலத்தில் யாராவது எழுதி வைத்திருந்தால் இரண்டும் தூசி படிந்து கிடந்திருக்கும். ஆடாத எண் கோட்டில் ஆணைகளுக்கு வேலையில்லை.

ஒரே நிபந்தனை, எதிர் விளைவு

இப்போது 4.10-க்குத் திரும்புவோம். அந்த விலையில் இரண்டு கூட்டத்தார் காத்திருக்கிறார்கள். ஒரு கூட்டம் பை லிமிட் வைத்தவர்கள், மற்றொன்று செல் ஸ்டாப் வைத்தவர்கள். விலை இறங்கி 4.10-ஐத் தொட்டதும் முதல் கூட்டம் வாங்குகிறது. வாங்குவோர் கூடினால் இறக்கம் தடுக்கப்படும். குளிர்சாதனக் கருவியைப் போல என்று சொல்லலாம். அறை சூடானால் கருவி ஓடி வெப்பத்தைக் குறைக்கும், குளிர்ந்தால் நின்றுவிடும். மாற்றத்தை எதிர்த்து வேலை செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர்.

இரண்டாவது கூட்டம் அதே நேரத்தில் விற்கிறது. ஏற்கனவே இறங்கும் விலையை அது மேலும் தள்ளுகிறது. 4.09-க்கு வருகிறது. அங்கே காத்திருந்த செல் ஸ்டாப்கள் விழிக்கின்றன. விலை 4.08. அங்கேயும் சில. கோவில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘கீ’ என்று காதைக் கிழிக்குமே, அதே கதைதான். ஒலிபெருக்கியின் சத்தம் ஒலிவாங்கிக்குள் போய், பெருகி வெளியே வந்து, மறுபடி உள்ளே போகிறது. இது நேர்மறைப் பின்னூட்டம். ‘நேர்மறை’ என்ற சொல்லைப் பார்த்து நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆக, லிமிட் ஆணைகள் சந்தைக்குத் தடுப்பான்கள், ஸ்டாப் ஆணைகள் பெருக்கிகள். தனி ஒருவருக்கு ஸ்டாப் பாதுகாப்புதான். எல்லாரும் ஒரே விலையில் அதை வைத்தால் அதுவே ஆபத்தாகிறது. மக்கள் 4.00, 4.50 போன்ற வட்டமான எண்களில் ஆணை வைக்க விரும்புவதால், அந்த இடங்களில் கூட்டமும் அதிகம்.

ஏறும் பக்கத்திலும் இப்படி நடக்கும். 1997 ஜூலைக்கு முன் ஒரு டாலர் ஏறக்குறைய 2.50 ரிங்கிட். 1998 ஜனவரியில் அது 4.88-ஐத் தொட்டது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் டாலரில் கடன் வாங்கியிருந்த நிறுவனங்கள் விலை ஏற ஏற, ‘இன்னும் ஏறிவிடுமோ’ என்று டாலரை வாங்க ஓடியது. நம் கல்யாண வீட்டு அத்தை மாதிரிதான், ஆனால் ஆயிரக்கணக்கில். வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க வைத்த மலேசியக் குடும்பத்துக்கு அதன் பொருள் என்ன? 10,000 டாலர் கட்டணம் 25,000 ரிங்கிட்டாக இருந்தது, சில மாதங்களில் 48,800 ரிங்கிட். படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியவர்களின் கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்லுவார்கள்.

ஸ்டாப் எப்போது நிற்காது?

இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பகுதி இது. ஸ்டாப் ஆணை ஒரு விலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. டுரியான் கடை முதலாளி சொன்னதைத் திரும்பப் படியுங்கள்: ‘கிடைக்கிற விலைக்கு’. 15 வெள்ளி என்பது விழித்தெழ வேண்டிய மணி மட்டுமே. மணி அடித்த நேரத்தில் கடைமுன் ஒருவரும் இல்லாவிட்டால்? 14 கிடைக்கலாம், 9 கிடைக்கலாம்.

2015 ஜனவரி 15, மலேசிய நேரம் மாலை 5.30. சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2011 செப்டம்பர் முதல் அது ஒரு யூரோ 1.20 பிராங்கிற்குக் கீழே போகாமல் தாங்கிப் பிடித்து வந்தது. இனிப் பிடிக்கமாட்டோம் என்று அன்று கையை விட்டுவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 பிராங்கிற்கும் கீழே விழுந்தது.

1.20-க்குச் சற்று மேலே யூரோவை வாங்கி, சற்றுக் கீழே செல் ஸ்டாப் வைத்து, ‘என்ன ஆனாலும் நட்டம் கொஞ்சம்தான்’ என்று நிம்மதியாக இருந்தவர்கள் ஏராளம். ஒருவர் 1.2010-இல் 10,000 யூரோ வாங்கி, 1.1990-இல் ஸ்டாப் வைத்தார் என்று கணக்குப் போடுவோம். எதிர்பார்த்த நட்டம்: 0.0020 × 10,000 = 20 பிராங்க். ஆனால் 1.1990-இல் வாங்க ஆளில்லை. ஆள் கிடைத்த விலை 1.0200 என்று கொள்வோம். உண்மை நட்டம்: 0.1810 × 10,000 = 1,810 பிராங்க். 90 மடங்குக்கு மேல்.

இங்கேதான் நெம்புகோல் வருகிறது. நீளமான கடப்பாரையால் சிறிய விசையைக் கொண்டு பெரிய பாறையை நகர்த்தலாம் என்று படித்திருக்கிறீர்கள். நாணய வணிகத்திலும் 100 மடங்கு நெம்புகோல் என்றால், 100 பங்கு வணிகத்துக்கு ஒரு பங்கு முன்பணம் போதும். மேலே சொன்னவர் 12,010 பிராங்க் வணிகத்துக்குச் சுமார் 120 பிராங்க் மட்டுமே கட்டியிருப்பார். நட்டமோ 1,810. கட்டிய பணம் போனதோடு 1,690 பிராங்க் கடன்காரராகவும் ஆகிவிட்டார். கடப்பாரை வழுக்கினால் அதன் மறுமுனை யாருடைய தாடையில் அடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது கற்பனைக் கணக்கு என்றாலும் நடந்தது இதுதான். அல்பாரி என்ற தரகு நிறுவனத்தின் இங்கிலாந்துப் பிரிவு மறுநாளே நொடித்துப்போனதாக அறிவித்தது. அமெரிக்காவின் எஃப்.எக்ஸ்.சி.எம். நிறுவனத்துக்கு அதன் வாடிக்கையாளர்கள் தரவேண்டியதாக நின்ற தொகை 225 மில்லியன் டாலர்.

‘அப்படியானால் ஸ்டாப்புக்கும் ஓர் எல்லை போட்டால் என்ன?’ என்று கேட்கும் மாணவருக்கு முழு மதிப்பெண். அப்படியொரு ஆணை உண்டு, ஸ்டாப் லிமிட் என்பார்கள். 1.1990-இல் விழித்துக்கொள், ஆனால் 1.1980-க்குக் கீழே விற்காதே என்று சொல்லலாம். அன்று அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விற்றிருக்கவே முடியாது. யூரோ கையிலேயே இருக்க, விலை கீழே போய்க்கொண்டே இருந்திருக்கும். விலையை உறுதிசெய்தால் விற்பனை உறுதியில்லை, விற்பனையை உறுதிசெய்தால் விலை உறுதியில்லை. இரண்டையும் ஒருசேரத் தரும் ஆணையை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தருவதாக யாராவது சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம் ஒளிந்திருக்கும், இல்லையேல் பொய் ஒளிந்திருக்கும்.

சில சில்லறை விவரங்கள். ஆணைக்குக் காலக்கெடு வைக்கலாம். நீக்கும்வரை கிடக்கட்டும் என்றும் விடலாம். இரண்டு ஆணைகளை இணைத்து, ஒன்று நிறைவேறினால் மற்றது தானாக ரத்தாகும்படி செய்யலாம். விலை நமக்குச் சாதகமாக நகர நகர, நிழல்போல் பின்தொடரும் ஸ்டாப்பும் உண்டு.

நம் நாட்டுச் சட்டமும் ஒரு பழைய காயமும்

கைப்பேசியில் ‘தினம் 15 நிமிடம் போதும், டாலரில் சம்பாதிக்கலாம்’ என்ற விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்கும். ஸ்டாப் லாஸ் இருப்பதால் பயமில்லை என்பதும் அதில் ஒரு வரியாக இருக்கும். அது எவ்வளவு உண்மை என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நாணய மாற்றுக் கடைக்காரர் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர். கடையில் அந்தச் சான்றிதழ் தொங்கும். வங்கிகளுக்கும் உரிமம் உண்டு. உரிமமோ அனுமதியோ இல்லாதவர்களிடம் வெளிநாட்டு நாணயத்தை வாங்கி விற்பது 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி குற்றம். அனுமதி பெறாத நிறுவனங்கள், இணையத்தளங்கள் பற்றிய எச்சரிக்கைப் பட்டியலை பேங்க் நெகாரா வெளியிட்டு வருகிறது. இணைய மோசடியில் யாராவது பணத்தை இழந்தால், உடனே அழைக்க வேண்டிய எண் 997. மணிக்கணக்கில் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

பெரியவர்களுக்கே இது கடினமான களம் என்பதற்கு நம் பேங்க் நெகாராவே சான்று. 1990-களின் தொடக்கத்தில் அது உலக நாணயச் சந்தையில் பெரிய தொகைகளில் வணிகம் செய்தது. 1992 செப்டம்பர் 16 அன்று பிரிட்டிஷ் பவுண்ட், ஐரோப்பிய மாற்றுவீத ஏற்பாட்டிலிருந்து வெளியேறி விழுந்தது. பவுண்டை நம்பியிருந்தவர்களில் பேங்க் நெகாராவும் ஒன்று. 1992 முதல் 1994 வரை அதன் நட்டம் 31.5 பில்லியன் ரிங்கிட் என்று 2017-இல் அரச விசாரணை ஆணையம் கூறியது. ஆளுநராக இருந்த ஜாபார் ஹுசேன் 1994-இல் பதவி விலகினார். பொருளியல் வல்லுநர்களும் செய்தித் திரைகளும் நிறைந்த கட்டடத்திலேயே இப்படி நடந்தது.

நோட்டுப் புத்தகத்தில் செய்து பாருங்கள்

பணம் வேண்டாம், பென்சில் போதும். வேலை நாட்களில் பிற்பகல் 3.30-க்குரிய டாலர்–ரிங்கிட் மேற்கோள் விலையை பேங்க் நெகாரா தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. நான்கு வாரங்கள் அதைக் குறித்து வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு காத்திருக்கும் ஆணையை எழுதி, அது ஏன் என்று ஒரு வரியும் எழுதுங்கள். எத்தனை ஆணைகள் தூங்கிக்கொண்டே இருக்கின்றன என்பதைக் கண்டு வியப்பீர்கள்.

இப்போது மூன்று கேள்விகள். விடையைப் பார்க்காமல் முயலுங்கள்.

1. சிங்கப்பூர் டாலர் இப்போது 3.30 ரிங்கிட். 3.25-க்கு வந்தால் மட்டும் வாங்க வேண்டும். எந்த ஆணை?

2. 4.20-க்கு வாங்கிய 500 அமெரிக்க டாலர் கையில் இருக்கிறது. 50 ரிங்கிட்டுக்கு மேல் நட்டம் கூடாது. எந்த ஆணை, எந்த விலையில்?

3. சனிக்கிழமை விடியற்காலை உலகச் சந்தை மூடும்போது விலை 4.20. கமலா 4.25-இல் பை ஸ்டாப் வைத்திருக்கிறாள். குமரன் அதே 4.25-இல் செல் லிமிட் வைத்திருக்கிறான். வார இறுதியில் ஒரு பெரிய செய்தி. திங்கட்கிழமை சந்தை 4.31-இல் திறக்கிறது. யாருக்கு என்ன விலை? வாங்கும், விற்கும் விலைகளுக்கு இடையிலான வேறுபாட்டை விட்டுவிடுங்கள்.

விடைகள்: முதலாவது, பை லிமிட். இரண்டாவது, 50 ÷ 500 = 0.10, எனவே 4.10-இல் செல் ஸ்டாப். சந்தை இடைவெளி விட்டுத் தாவினால் நட்டம் 50-ஐத் தாண்டலாம் என்று பக்கத்தில் எழுதியவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண். மூன்றாவது, இருவருக்கும் 4.31. கமலா நினைத்ததைவிட டாலருக்கு 6 சென் கூடுதலாகக் கொடுக்கிறாள். குமரனுக்கு டாலருக்கு 6 சென் கூடுதலாகக் கிடைக்கிறது, ஏனென்றால் லிமிட் என்பது ‘இந்த விலை, அல்லது இதைவிட நல்லது’.